நார்வேயின் புல்தரைக் கூரை ஏன் ஒழுகுவதில்லை? இன்றைய பசுமைக் கூரையும் அதுவும் ஒன்றுதானா?

மழையைத் தடுப்பது புல் இல்லை, அதற்கு அடியில் இருக்கும், பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் பட்டை. பலகைகளின் மேல் அதை ஓடு வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி பல அடுக்காகப் பரப்புவார்கள். பட்டை லேசில் மக்காது. ஆனால் காய்ந்தால் சுருளும், காற்றில் பறக்கும். அதை அழுத்திப் பிடிக்கத்தான் மண்ணோடு வெட்டியெடுத்த புல்தரை. தலா 7–8 செ.மீ. கனத்தில் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் புல் கீழ்நோக்கி இருக்கும். வாடிய அந்தப் புல், அமில மண் பட்டையைத் தொடாமல் காக்கும். மேல் அடுக்கில் புல் வானம் பார்த்திருக்கும்.

எடை சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. பனி ஏறினால் 400-ஐத் தாண்டும். இந்தப் பாரம் மரச்சுவர்களை இறுக்கி இடுக்குகளை அடைக்கும் என்பது பலருக்குத் தெரியாத நன்மை.

முதலில் கெடுவது இறவாணத்தில் மண் சரியாமல் தாங்கும் மரத்துண்டு. எப்போதும் ஈரத்தில் கிடப்பதால் உளுத்துவிடும். கூரையில் முளைக்கும் மரக்கன்றையும் உடனே பிடுங்க வேண்டும், வேர் பட்டையைத் துளைக்கும்.

இன்றைய பசுமைக் கூரையில் பட்டைக்குப் பதில் வேர் துளைக்காத நீர்த்தடுப்பு விரிப்பு, அதன்மேல் வடிகால் அடுக்கு, மண்ணை நிறுத்தி நீரை மட்டும் விடும் வடிதுணி, 6–10 செ.மீ. இலகுமண், சீடம் என்ற சதைப்பற்றுள்ள சிறு செடிகள். நனைந்தாலும் எடை பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்குள் அடங்கும். மழைநீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவதும், விரிப்பை வெயிலிலிருந்து காப்பதும்தான் இதன் உண்மையான பலன். குளிருக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். ஈரமண் வெப்பத்தைக் கடத்தும், காப்புப் பலகை தனியாக வேண்டும். வடிகால் வாயைச் சுற்றி மண் போடாமல் கூழாங்கல் நிரப்புங்கள். வாய் அடைபட்டால் தேங்கும் நீரின் எடையே கூரைக்கு ஆபத்து.