சட்டக் கேள்வி–பதில்: எல்.பி.சி.யா, எஸ்.கியூ.இ.யா?

கேள்வி: எனது மகள் 2020 செப்டெம்பரில் லண்டனில் சட்டப் பட்டப்படிப்பைத் தொடங்கி 2023இல் முடித்தாள். கடந்த பதினான்கு மாதங்களாக ஒரு சிறிய சட்ட நிறுவனத்தில் முழுநேரப் பாராலீகலாக (சட்டத்தரணிகளுக்கு உதவும் பணியாளராக) வேலை செய்கிறாள். வீடு வாங்கல், விற்றல் கோப்புகளே பெரும்பாலும் அவள் கையில் உள்ளன. தம்மால் பயிற்சி ஒப்பந்தம் தர இயலாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. சொலிசிட்டராக (கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி அவர் கோப்புகளைக் கையாளும் சட்டத்தரணியாக) வருவதற்குப் பழைய எல்.பி.சி. (Legal Practice Course) படிப்பே மதிப்பானது என்கிறார் எனது மைத்துனர். மகளோ புதிய எஸ்.கியூ.இ. (Solicitors Qualifying Examination) பரீட்சை எழுதப் போவதாகச் சொல்கிறாள். எதைத் தெரிவது? — வாசகி, ஹரோ

பதில்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எஸ்.கியூ.இ. நடைமுறைக்கு வந்தது 2021 செப்டெம்பர் 1ஆம் திகதி. அதற்கு முன்பே சட்டப் படிப்பைத் தொடங்கியிருந்தவர்கள் விரும்பினால் பழைய வழியிலேயே தொடரலாம். ஆனால் 2032 டிசம்பர் 31க்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். உங்கள் மகள் அந்த வரிசையின் கடைசிப் பகுதியில் நிற்பதால்தான் அவருக்கு இந்தத் தெரிவு கிடைத்திருக்கிறது. இரண்டு வருடம் பிந்திப் பிறந்திருந்தால் மைத்துனருடன் விவாதம் செய்ய வேண்டிய தேவையே வந்திராது.

பழைய வழியில் எல்.பி.சி. பாதித் தூரம்தான். அதைப் படித்து முடித்த பின் இரண்டு வருடப் பயிற்சி ஒப்பந்தம் ஒன்று கிடைத்தாக வேண்டும். அது கிடைக்காமல், கையில் எல்.பி.சி. சான்றிதழுடன் பாராலீகலாகவே ஆண்டுகளைக் கழித்தவர்கள் நம் சமூகத்தில் ஒருவர் இருவர் அல்லர். இப்போது அவர்களுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: எல்.பி.சி. முடித்தவர் எஸ்.கியூ.இ.யின் முதற் பகுதியை எழுதாமல், செயல்முறைத் திறன்களைச் சோதிக்கும் இரண்டாம் பகுதியில் சித்தியடைந்து, இரண்டு வருடத் தகுதிபெறு வேலை அனுபவத்தையும் காட்டிச் சொலிசிட்டராகப் பதிவுபெறலாம். இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பயிற்சி ஒப்பந்தம் கைக்கு எட்டாத நிலையில் உங்கள் மகள் எல்.பி.சி. படித்தால், பத்தாயிரம் பவுணுக்கு மேல் செலவழித்து அவர் தவிர்த்துக்கொள்வது, இரண்டாயிரம் பவுணுக்குள் கட்டணம் அடங்கிவிடும் ஒரு பரீட்சையை மட்டுமே. எஸ்.கியூ.இ.யின் இரு பகுதிகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஐயாயிரம் பவுணை நெருங்கும். ஆயத்த வகுப்புக்குத் தனியாகச் சில ஆயிரம் செலவாகலாம், ஆனால் அந்த வகுப்புக் கட்டாயமில்லை.

பணத்தைவிட முக்கியமானது அவர் இப்போது செய்துவரும் வேலை. முழுநேரமாக இரண்டு வருடம், அல்லது பகுதிநேரமாக அதற்கு ஈடான காலம், நான்கு இடங்களுக்கு மேற்படாமல் செய்த சட்ட வேலை தகுதிபெறு அனுபவமாகக் கணிக்கப்படும். அதனால் அவருடைய பதினான்கு மாதங்களும் வீணாகவில்லை. மீதமிருப்பது பத்து மாதம். கோப்புகள் ஒரே துறையைச் சேர்ந்தவை என்பதும் தடையல்ல. இதை உறுதிப்படுத்திக் கையொப்பமிட வேண்டியவர் இந்நாட்டுப் பதிவிலுள்ள ஒரு சொலிசிட்டர், அல்லது நிறுவனத்தின் ஒழுங்குமுறைப் பொறுப்பாளர். அவர் உங்கள் மகளின் திறமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. வேலை செய்த காலத்தையும், தொழிற்றிறன்களை வளர்க்க வாய்ப்புக் கிடைத்ததையும், நன்னடத்தை பற்றிய ஐயம் ஏதும் எழுந்ததா என்பதையுமே தெரிவிக்கிறார். இதை விளக்கிச் சொன்னால் தயங்கும் முதலாளிகள் பலர் இணங்கிவிடுவார்கள். மகள் இன்றிலிருந்தே தான் செய்யும் வேலைகளைக் கட்சிக்காரர் பெயரின்றி ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, இதுவரையான காலத்துக்குரிய கையொப்பத்தை இப்போதே கேட்டுப் பெறுவது நல்லது. மேற்பார்வை செய்த சொலிசிட்டர் வேறிடம் போன பின் அவரைத் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மைத்துனர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. எல்.பி.சி.யில் வகுப்பறையும் ஆசிரியரும் இருக்கும். எஸ்.கியூ.இ.யின் முதற் பகுதியோ இரண்டு நாட்களில் 360 பல்தேர்வு வினாக்கள். புத்தகம் திறக்க இயலாது. குற்றவியலிலிருந்து சொலிசிட்டர் கணக்குகள் வரை எல்லாமே கலந்து வரும். 2021 நவம்பரில் நடந்த முதற் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் 53 சதவீதத்தினர் மட்டுமே. ஒவ்வொரு பகுதிக்கும் ஆறு வருடத்துள் மூன்று முயற்சிகளே உண்டு. ஆகவே வேலையோடு வேலையாக எழுதிப் பார்ப்போம் என்று மகள் நினைத்தால் அதைத் தடுங்கள். முறையான படிப்பு விடுப்புக்கு நிறுவனத்துடன் பேசிய பின்பே திகதியைப் பதியச் சொல்லுங்கள். மதிப்பைப் பற்றிய கவலை மட்டும் வேண்டாம். பெரிய நிறுவனங்களே தமது பயிலுநர்களை எஸ்.கியூ.இ. எழுத வைக்கின்றன, எந்த வழியில் வந்தாலும் கிடைக்கும் பதிவு ஒன்றுதான்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் சட்டத்தரணியாக இருந்தேன். திருமணமாகி இங்கு வந்துள்ளேன். சொலிசிட்டராவதற்கு மீண்டும் பட்டப்படிப்பிலிருந்து தொடங்க வேண்டுமா? பாரிஸ்டராவது எளிதா? — வாசகி, லூஷியம்

பதில்: தொடங்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் தகைமை பெற்ற சட்டத்தரணியாக நீங்கள் நேரடியாக எஸ்.கியூ.இ.க்குத் தோற்றலாம், இரண்டு வருட வேலை அனுபவம் உங்களிடம் கேட்கப்படுவதில்லை. இரண்டாம் பகுதியிலிருந்து விலக்குக் கோரியும் விண்ணப்பிக்கலாம். அது உங்கள் அனுபவத்தின் தன்மையைப் பொறுத்துத் தனித்தனியே தீர்மானிக்கப்படும்.

இந்நாட்டில் சொலிசிட்டர் நம் ஊரின் பழைய பிரக்கிராசிக்கும், பாரிஸ்டர் நீதிமன்றத்தில் வாதாடிய அப்புக்காத்துக்கும் ஏறக்குறைய ஒப்பானவர்கள். இலங்கையில் 1970களில் இரண்டையும் இணைத்துச் சட்டத்தரணி என்ற ஒரே தொழிலாக்கிவிட்டார்கள். இங்கே அவை இன்றும் பிரிந்தே நிற்கின்றன. பாரிஸ்டருக்கான வழி வேறு ஒரு சபையின் கீழ் வருவது. எளிதென்று சொல்ல மாட்டேன். காணி உறுதி எழுதுதல், கட்சிக்காரரை நேரில் சந்தித்தல் ஆகியவை உங்கள் அன்றாட வேலையாக இருந்திருந்தால் சொலிசிட்டர் தொழிலே பொருந்தும். றோமன்-டச்சுச் சட்டத்திலும் யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலும் பழகிய உங்களுக்கு ஆங்கிலேயக் காணிச் சட்டமும் நம்பிக்கைப் பொறுப்புச் (trusts) சட்டமும்தான் அந்நியமாகத் தோன்றும். படிப்பை அந்த இரண்டிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ஏ-லெவல் எழுதும் மகனுக்குப் பல்கலைக்கழகக் கடன் இல்லாமல் சொலிசிட்டராக வழியுண்டா? — வாசகர், மிச்சம்

பதில்: உண்டு. சொலிசிட்டர் அப்ரென்டிஸ்ஷிப் எனும் ஏழாம் நிலை (முதுகலை மட்டப்) பயிற்சியில் சம்பளம் பெற்றுக்கொண்டே ஏறக்குறைய ஆறு வருடம் படித்து, இறுதியில் அதே எஸ்.கியூ.இ.யை எழுத வேண்டும். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. 2026 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் இந்நிலைப் பயிற்சிக்கான அரச நிதி, சில விதிவிலக்குகள் தவிர, 21 வயதுக்கு மேற்படாமல் தொடங்குபவர்களுக்கே கிடைக்கிறது. ஆகவே ஒரு பட்டத்தை முடித்துவிட்டு ஆறுதலாக இதைப் பார்ப்போம் என்று அவர் ஒத்திப்போடக் கூடாது. விண்ணப்பங்களை ஏ-லெவல் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே அனுப்பட்டும்.