டேவிஸ், பெர்க்லியின் கிளை இல்லை தம்பி

நீ கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். நீடாமங்கலத்துப் பையன். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்திருக்கிறாய். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. டேவிஸ், பெர்க்லிக்குக் கீழ் வரும் கல்லூரியா, ஒரு வருடம் கழித்து பெர்க்லிக்கு மாற்றிக்கொள்ளலாமா, ஒரு வருடம் இருந்தால் ஃபீஸ் குறையும் என்கிறார்களே உண்மையா, குக்கர் கொண்டுவரலாமா, குளிர் தாங்குமா, தமிழ்ச் சங்கம் உண்டா. இவ்வளவுதானே?

குக்கர் கொண்டுவா, கேஸ்கட் கூடுதலாக இரண்டு வை. குளிர் தாங்கும். சங்கம் உண்டு. மீதி மூன்றையும் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த மூன்றும் தெரியாமல் வந்து நான் பட்டது போதும்.

1998 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினேன். கயிறு கட்டிய ஒரு பெட்டி, ஒரு தோள்பை. டேவிஸில்தான் எனக்கும் இடம். ஆனால் நேராக பெர்க்லிக்குப் போனேன். நம் ஊரில் மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்துப் பிழை என்றாலும் திருச்சிக்குத்தானே ஓட வேண்டும்? அப்படித்தான் இதுவும், மெயின் ஆபீஸ் பெர்க்லி, அங்கே பதிந்துவிட்டுப் போ என்று தஞ்சாவூரில் விவரம் தெரிந்த ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். வேனுக்குக் கொடுத்த டாலரை மனதுக்குள் ரூபாயாக மாற்றிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு அம்மாள் என் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, இது வேறு வளாகம், எங்களிடம் உங்கள் பெயரே இருக்காது என்றார். பிறகு ஒரு தாளில் ரயில் நிலையத்துக்கு வழி வரைந்து கொடுத்தார். டேவிஸில் ரயிலை விட்டு இறங்கியபோது இருட்டிவிட்டது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆகையால் நன்றாகக் கேட்டுக்கொள். இங்கே நம் ஊர் மாதிரி இணைப்புக் கல்லூரி முறை இல்லை. நம் ஊரில் பாடத்திட்டம், கேள்வித்தாள், பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும், கல்லூரி பாடம் நடத்தும். இங்கே பத்து வளாகங்கள். ஒவ்வொன்றும் தானே ஆளைச் சேர்த்து, தானே பாடம் வகுத்து, தானே மதிப்பெண் போடும் முழுப் பல்கலைக்கழகம். பத்தும் சேர்ந்து சட்டப்படி ஒரே அமைப்பு. ஆனால் பெர்க்லி மற்ற ஒன்பதுக்கும் தலைமை இல்லை.

உன் கேள்வியில் தவறில்லை, ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டம், விவசாயமும் தொழிற்கலையும் கற்றுத்தரும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. அதை வைத்து 1868இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் உண்டானது, பெர்க்லியில் வளர்ந்தது. விவசாயம் படிக்க வயல் வேண்டுமே? 1905இல் சட்டம் போட்டு டேவிஸில் ஒரு பண்ணை வாங்கினார்கள். பல்கலைக்கழகப் பண்ணை என்றே பெயர். அது தனி வளாகமானது 1959இல். ரிவர்சைடு ஆரஞ்சு, எலுமிச்சை ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கியது. சான் டியேகோவின் வேர் கடல் ஆராய்ச்சி நிலையம். லாஸ் ஏஞ்சலஸ் 1919இல் தெற்குக் கிளையாகச் சேர்ந்தது, இன்றைக்கு அதைப் போய்க் கிளை என்று சொல்லிப் பார்!

தண்ணீர் பிரித்துவிடும் மூணாறு தலைப்பு மதகில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. எந்த ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது தலைப்பில் முடிவாகும். எந்த வயலில் குறுவை, எந்த வயலில் சம்பா என்று ஷட்டர் திறக்கிறவர் சொல்ல மாட்டார். இங்கே தலைப்பு ஓக்லாந்தில் இருக்கிறது, பத்து வளாகங்களுக்கும் பொதுவான பல்கலைக்கழக பிரசிடெண்டின் அலுவலகம். அதற்கும் மேலே ரீஜண்ட்ஸ் என்ற குழு, 26 பேர். அவர்களில் 18 பேரை கவர்னர் நியமிக்கிறார், பதவிக்காலம் 12 ஆண்டு. ஒரு கவர்னர் இரண்டு முறை ஜெயித்தாலும் எட்டு ஆண்டுதான் என்பதால், குழு முழுவதையும் தன் ஆட்களாக மாற்றிவிடுவது எளிதில்லை. ஏழு பேர் பதவி வழியாக வருகிறவர்கள், கவர்னரும் அவர்களில் ஒருவர். மீதி ஒருவர் மாணவர், அவருக்கும் ஓட்டு உண்டு. மாணவனுக்கு ஓட்டா என்று நான் வாய்பிளந்தது நினைவிருக்கிறது.

அரசியல் தலையீடு கூடாது என்று 1879 மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அதனால் அரசியலே நுழையவில்லை என்று நினைக்காதே. கிளார்க் கெர் என்ற பிரசிடெண்ட் காலத்தில்தான் 1960 மாஸ்டர் பிளான் வந்தது. மேல்நிலையில் முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்கு இந்தப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் கல்லூரிகள், யார் வந்தாலும் சேர சமுதாயக் கல்லூரிகள் என்று ஒரு மாநிலத்தின் படிப்பையே வகுத்துவைத்த திட்டம். அப்படிப்பட்டவரை 1967 ஜனவரியில், ரீகன் கவர்னராகி ஒரு மாதம்கூட ஆவதற்குள், ரீஜண்ட்ஸ் கூடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேந்தர் யார், துணைவேந்தரை யார் நியமிப்பது என்று நம் ஊரில் நடக்கும் இழுபறியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இன்னொரு குழப்பம். இங்கே சான்சலர் என்றால் ஒரு வளாகத்தின் தலைவர், நம் துணைவேந்தர் மாதிரி. உன் காரியத்துக்கு அவருக்கும் எழுதாதே, ஓக்லாந்துக்கும் எழுதாதே. துறையில் மேற்படிப்பு மாணவர்களைக் கவனிக்க ஒருவர் இருப்பார், அவரிடம் போ. பாடம், சேர்க்கை, பட்டத்துக்கான தகுதி எல்லாம் செனட் என்ற ஆசிரியர்கள் அவையின் கையில். 1919, 1920இல் ஆசிரியர்கள் போராடி வாங்கிய உரிமை அது. பெர்க்லிக்கு மாறுவது என்றால் புதிதாக விண்ணப்பித்து, அங்குள்ள துறை எடுத்தால்தான் உண்டு.

இப்போது ஃபீஸ். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வெளிமாநிலத்து அமெரிக்கப் பிள்ளைகள் ஒரு வருடம் குடியிருந்து, இங்கேயே தங்கப் போவதாகவும் நிரூபித்தால் உள்ளூர்க் கட்டணத்துக்கு மாறலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்த நமக்கு அது கிடையாது, எத்தனை வருடம் இருந்தாலும். உள்ளூர்க்காரர் அல்லாதவர்கள் மேற்படிப்புக்குக் கட்டும் கூடுதல் கட்டணம் பல ஆண்டுகளாக வருடத்துக்கு 15,102 டாலர். என்னோடு வீட்டில் இருந்த ஒரு சீனியர், ஒரு வருஷம் பொறு, நீயும் உள்ளூர்க்காரன்தான் என்றார். அதை நம்பி ஒரு வருடத்துக்கு மட்டும் கணக்குப் போட்டேன். இரண்டாம் வருடத்துக்காக அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆந்திராவிலிருந்து வந்து குடியுரிமை பெற்ற யாருக்கோ நடந்ததை எனக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டார். டி.ஏ. (பாடம் நடத்த உதவுவது) அல்லது ஆர்.ஏ. (ஆராய்ச்சிக்கு உதவுவது) வேலையில் இந்தக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்று எழுத்தில் வாங்காமல் டிக்கெட் போடாதே.

நம் ஆட்களின் விருந்துகளில் இன்னொன்றும் கேட்பாய். பெர்க்லிதான் ஒரிஜினல், லாஸ் ஏஞ்சலஸ் பரவாயில்லை, மற்றதெல்லாம் சும்மா என்பார்கள். என் மகள் மெர்செட் வளாகத்தில் சேர்ந்தபோது துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். 2005இல் திறந்த வளாகம், சுற்றிலும் வயலும் தோப்பும். வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் அங்கே நிறைய. நானும் அப்படி வந்தவன்தான். அவளை அங்கே விட்டுவிட்டு வந்த நாளில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

அப்புறம், டேவிஸில் குவார்ட்டர் முறை, பத்து வாரப் பாடம். நான்காம் வாரத்தில் தேர்வு வந்துவிடும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே.

ஒன்று மட்டும் உனக்குப் பிடிக்கும். ஏப்ரல் கடைசியில், மே மாதத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போ. தண்ணீர் கட்டிய வயல்மேல் சின்ன விமானம் தாழப் பறந்து நெல் விதைக்கும். முதல் வருடம் வரப்பில் நின்று பார்த்துவிட்டு அன்று இரவே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். அவர் பதிலில் கேட்டது ஒன்றுதான், தண்ணீரில் விதை மிதக்காதா என்று. ஊறவைத்து வடித்த விதை, கனத்தில் அடியில் போய் உட்கார்ந்துவிடும் என்று எழுதினேன். அடுத்த கடிதம் இரண்டு வரி: "நம்ம சேத்து விதைப்புதான். வானத்துலேருந்து விடுறான்."