‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று மட்டும் கேட்காதீர்கள்: விசா போட்டோ கேள்வி-பதில்

கேள்வி: மகன் வீட்டுக்குப் போக அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கிறேன். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்து ஸ்கேன் செய்து டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவத்தில் ஏற்றினால் ஏற்க மறுக்கிறது. படம் பளிச்சென்றுதான் இருக்கிறது. எங்கே கோளாறு? (திருச்சி வாசகர்)

பதில்: வடிவத்தில். நம்மூர் ஸ்டூடியோவில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்றால் 35க்கு 45 மில்லிமீட்டர் செவ்வகத்தைக் கையில் கொடுப்பார்கள். அமெரிக்க விசாவுக்கு வேண்டியது சதுரம். அச்சிட்டால் 2க்கு 2 அங்குலம், அதாவது 51 மி.மீ. ஃபைலாக ஏற்றினால் 600க்கு 600 பிக்சலுக்குக் குறையாமல், 1200க்கு 1200ஐத் தாண்டாமல், கலரில், ஜேபெக் ஃபைலாக, 240 கேபிக்குள் இருக்க வேண்டும்.

கையில் இருக்கும் செவ்வகத்தையே சதுரமாக்கலாமே என்று தோன்றும். முடியாது. பக்கவாட்டில் இழுத்தால் முகம் அப்பளம் போல அகன்றுவிடும். மேலும் கீழும் வெட்டினால் 35க்கு 35 மிஞ்சும். அதில் தலை மட்டும் 32 மி.மீ. இருந்தால் படத்தில் பத்தில் ஒன்பது பங்கு முகம்தான். அமெரிக்க விதியோ உச்சி முடியிலிருந்து தாடைவரை படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம்தான் இருக்கலாம் என்கிறது. கண் இருக்கும் உயரத்துக்கும் கணக்கு உண்டு: கீழ் விளிம்பிலிருந்து 56 முதல் 69 சதவீதம்.

இதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சரிபார்க்கலாம். 600க்கு 600 படத்தை பெயின்ட் மென்பொருளில் திறந்து மவுஸைக் கண்மணி மேல் வையுங்கள். கீழே இடது மூலையில் இரண்டு எண்கள் தெரியும். இரண்டாவது எண், மேல் விளிம்பிலிருந்து கண்ணுக்கு உள்ள தூரம். அது 186க்கும் 264க்கும் இடையில் இருந்தால் சரி. அதேபோல் உச்சியிலும் தாடையிலும் மவுஸை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். விடை 300 முதல் 414 வரை இருக்கலாம்.

ஆக, புதிதாக எடுப்பதே வழி. ஸ்டூடியோவில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “யு.எஸ். விசா, ரெண்டுக்கு ரெண்டு, ஒயிட் பேக்ரவுண்ட், டச்சிங் வேண்டாம், சாஃப்ட் காப்பி வேணும்.” வெட்டாத மூலப் படத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அளவு தவறினால் இன்னொரு முறை ஸ்டூடியோ ஏறாமல் அதிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம். அச்சுப் பிரதிதான் இருக்கிறது என்றால், 2க்கு 2 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தாலே சரியாக 600க்கு 600 வந்துவிடும். படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

எவ்வளவு முயன்றும் ஏறவில்லை என்றால் பயந்து படிவத்தையே விட்டுவிடாதீர்கள். படம் இல்லாமலும் மேலே போகலாம். படிவத்தை அனுப்பியபின் வரும் உறுதிப் பக்கத்தில் படம் வர வேண்டிய கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி விழும். அப்படி விழுந்தால் 2க்கு 2 அச்சுப் பிரதி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட் புதுப்பிக்க சேவா கேந்திரம் போகிறேன். எத்தனை போட்டோ வேண்டும்? (மதுரை வாசகர்)

பதில்: ஒன்றும் வேண்டாம். பெரியவர்களுக்கு அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள். வாசலில் “போட்டோ இல்லாம உள்ளே விட மாட்டாங்க” என்று யாராவது சொன்னால் காதில் வாங்காமல் நடையைக் கட்டுங்கள். அங்கே பின்னணி வெள்ளை என்பதால் வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்; தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் 4.5க்கு 3.5 சென்டிமீட்டர் கலர் படம் கொண்டு போக வேண்டும்.

கேள்வி: நல்ல கேமரா உள்ள போன் வைத்திருக்கிறேன். வீட்டிலேயே எடுத்தால் என்ன? எடுத்துப் பார்த்தேன், மூக்கு பெரிதாக, முகம் கறுப்பாக, பின்னால் நிழலோடு வருகிறது. (கோவை வாசகர்)

பதில்: தாராளமாக எடுக்கலாம். நீங்கள் சொன்ன மூன்று குறைக்கும் மூன்று தனித்தனிக் காரணம்.

மூக்கு பெரிதாவது தூரத்தால். கையை நீட்டி செல்ஃபி எடுத்தால் கேமரா முகத்துக்கு ஒன்றரை, இரண்டு அடிக்குள் இருக்கும். அந்தக் கிட்டத்தில் மூக்கு முன்னால் தள்ளிக்கொண்டு, காது பின்வாங்கிவிடும். படத்தை இன்னொருவர் எடுக்கட்டும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, உங்கள் கண் உயரத்துக்கு போனைப் பிடித்து, பின்பக்கக் கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். போன் கொஞ்சம் கீழே இறங்கினாலும் மூக்குத் துவாரம் தெரியும், மேலே ஏறினால் தாடை சுருங்கும்.

முகம் கறுப்பது வெள்ளைச் சுவரால். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று கேமரா தானாகவே முடிவுகட்டி மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். சுவர் சாம்பலாகும், மாநிற முகம் கரியாகும். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்துங்கள். பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும். அதைக் கொஞ்சம் மேலே தள்ளினால் முகம் தெளியும். எடுத்தபின் எடிட் செய்து வெளுக்கவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நிழல் விழுவது சுவரில் ஒட்டி நிற்பதால். சுவரிலிருந்து மூன்று, நான்கு அடி முன்னால் வந்து, ஜன்னலைப் பார்த்தபடி நில்லுங்கள். எடுப்பவர் ஜன்னல் பக்கம் முதுகு காட்டி நிற்பார். அவர் நிழல் உங்கள் மேல் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது, பத்து மணி வெளிச்சம் அருமை. நேர் வெயில் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். எண்ணெய் நெற்றியில் ஃபிளாஷ் பட்டால் வெள்ளைத் திட்டு விழும். ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே நின்றால் கண்குழியில் நிழல் தேங்கும்.

போட்டோ எடுக்கும் முன் பியூட்டி மோடும் போர்ட்ரெய்ட் மோடும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல போன்களில் பியூட்டி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். மச்சத்தையும் தழும்பையும் அழித்துவிடும். போர்ட்ரெய்ட் மோடு காது ஓரத்தையும் சுருள்முடியையும் மங்கலாக்கும். பின்னணியை அழித்துத் தரும் ஆப்களும் வேண்டாம். பெரிதாக்கிப் பார்த்தால் முடியைச் சுற்றி கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். அமெரிக்க வெளியுறவுத் துறை ஆப், ஃபில்டர், ஏஐ எதைக் கொண்டும் படத்தை மாற்றக் கூடாது என்றே சொல்லியிருக்கிறது.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி, நுணுக்கம் போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். ஐபோன்காரர்களுக்கு இன்னொன்று: அது படத்தை ஜேபெக்காகச் சேமிக்காமல் ஹெச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கும். படிவம் அதை வாங்காது. செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றிவிட்டு எடுத்தால் தலைவலி இல்லை.

கேள்வி: ஐந்து மாதக் கைக்குழந்தைக்குப் படம் எடுக்க வேண்டும். ஸ்டூடியோவில் அரை மணி நேரம் அழுததுதான் மிச்சம். (வேலூர் வாசகி)

பதில்: வீட்டில் எடுங்கள், பால் குடித்து ஏப்பம் விட்டபின். தரையில் மெத்தை போட்டு, அதன் மேல் சுருக்கமில்லாத வெள்ளை வேட்டியோ போர்வையோ விரித்துக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள். சுருக்கம் இருந்தால் அதுவே நிழலாக விழும், இஸ்திரி போட்டுவிடுவது நல்லது. ஜன்னல் வெளிச்சம் குழந்தையின் தலைப்பக்கத்திலிருந்தோ கால்பக்கத்திலிருந்தோ வரட்டும். ஒரு கன்னத்தில் மட்டும் விழக் கூடாது. நேர் மேலிருந்து எடுக்கும்போது உங்கள் தலைநிழல்தான் பெரிய எதிரி.

கண் இரண்டும் திறந்திருக்க வேண்டும். தாங்கிப்பிடித்த அம்மாவின் விரல், ரப்பர் நிப்பிள், கிலுகிலுப்பை, தொப்பி எதுவும் படத்தில் தெரியக் கூடாது. கூப்பிடுபவர் கேமராவுக்குப் பின்னால் சரியாக அதே நேர்க்கோட்டில் இருந்து கூப்பிட வேண்டும். பக்கத்தில் நின்று சொடக்குப் போட்டால் பார்வை அங்கே போய்விடும். தொடர்ந்து முப்பது, நாற்பது படம் தட்டிவிடுங்கள், ஒன்று தேறும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அன்றைக்கு மட்டும் துடைத்துவிடலாம். மச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: நெற்றிப் பொட்டு, மூக்குத்தி, கண்ணாடி, தலைத்துணி: எதைக் கழற்ற வேண்டும்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: கண்ணாடியைக் கழற்றுங்கள். அமெரிக்க விசா படத்தில் 2016 நவம்பர் 1 முதல் கண்ணாடிக்கு இடமில்லை. மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் டாக்டர் கடிதத்தோடு விலக்கு. மற்ற நாடுகளில் சில இடங்களில் அனுமதி உண்டு என்றாலும், பிரதிபலிப்பு விழுந்தால் திருப்பிவிடுவார்கள், எதற்கு வம்பு? பொட்டைத் தடுக்கும் விதி கிடையாது. மூக்குத்தி, தோடு முகத்தை மறைக்காமல், ஒளி பட்டு மின்னாமல் இருந்தால் போதும். மின்னினால் தலையைத் திருப்பாதீர்கள், விளக்கை நகர்த்துங்கள். மத வழக்கப்படி தினமும் அணியும் தலைத்துணியோ தலைப்பாகையோ இருக்கலாம். ஆனால் நெற்றியிலிருந்து தாடைவரை முழு முகம் தெரிய வேண்டும், துணியின் நிழல் முகத்தில் விழக் கூடாது. சீருடை வேண்டாம்.

கேள்வி: ஐரோப்பா டூருக்கு ஷெங்கன் விசா. கடைக்காரர் 35க்கு 45 என்றுதான் அச்சிட்டார். விண்ணப்ப மையத்தில் “அளவு சரியில்லை” என்று திருப்பிவிட்டார்கள். யார் சொல்வது சரி? (சென்னை வாசகர்)

பதில்: இருவரும் சரி. காகிதத்தின் அளவு சரியாக இருந்திருக்கும், தலையின் அளவு தவறியிருக்கும். ஷெங்கன் படத்தில் முகம் 70 முதல் 80 சதவீதம், அதாவது தாடையிலிருந்து உச்சிவரை 32 முதல் 36 மி.மீ. இருக்க வேண்டும். நம்மூர் வழக்கப்படி சட்டையின் இரண்டாவது பட்டன் தெரிய எடுத்தால் தலை 25 மி.மீ.கூடத் தேறாது. கடையை விட்டு வெளியே வரும் முன் ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள்.

அச்சிலும் ஒரு கண்ணி உண்டு. 4க்கு 6 அங்குலத் தாளில் 35க்கு 45 படம் எட்டு அடங்கும். ‘ஃபிட் டு பேஜ்’ என்ற இடத்தில் டிக் இருந்தால் பிரின்டர் எல்லாவற்றையும் ஓரிரண்டு மி.மீ. சுருக்கியோ பெருக்கியோவிடும். 300 டிபிஐயில் 413க்கு 531 பிக்சல், அசல் அளவில் அச்சு என்று கேளுங்கள். ஜெராக்ஸ் கடைத் தாள் வேண்டாம், போட்டோ பேப்பர்தான். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்னால் முகத்தில் கோடு தெரியும். ஸ்டேப்ளர் அடித்தால் படமே வீண்.

பாஸ்போர்ட்டிலோ பழைய விசாவிலோ உள்ள அதே படத்தைக் கொடுப்பதும் அடிக்கடி மாட்டும் இடம். அந்த விசாவின் தேதியே படம் ஆறு மாதத்துக்கு மேற்பட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். நரைத்த தலைக்காரர்கள் தூய வெள்ளைக்குப் பதில் வெளிர் சாம்பல் பின்னணி கேளுங்கள். முடியின் ஓரம் தெளிவாகத் தெரியும், ஷெங்கனுக்கு அது ஏற்றதுதான்.

கேள்வி: கேட்காமலே முகத்தை வெளுத்து, கோட் சூட் ஒட்டிக் கொடுத்துவிட்டார் ஸ்டூடியோக்காரர். படம் நிராகரிக்கப்பட்டது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: கேட்கலாம். எந்த நாட்டு விசா, என்ன அளவு என்று சொல்லி வாங்கியிருந்தால் அது சேவைக் குறைபாடுதான். ஆனால் நிரூபிக்கக் கையில் ஏதாவது வேண்டும். பில்லில் ‘போட்டோ’ என்று மட்டும் போடாமல் ‘யு.எஸ். விசா 2க்கு 2’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் மறுபடி எடுத்துத் தரக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முரண்டு பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகாரைப் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்றாலும், நூறு ரூபாய்க்காக அங்கே நடையாய் நடப்பது உங்கள் நேரத்துக்கு நீங்கள் செய்யும் அநியாயம்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை. இந்தியப் பாஸ்போர்ட்டை இங்கேயே புதுப்பிக்கிறேன். ஊரில் எடுத்து வந்த படங்கள் செல்லுமா?

பதில்: அளந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். 2025 செப்டம்பர் முதல் வெளிநாட்டு இந்தியத் தூதரகங்கள் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐசிஏஓ) தரத்தில் படம் கேட்கின்றன: வெள்ளைப் பின்னணி, 630க்கு 810 பிக்சல், முகம் 80 முதல் 85 சதவீதம். ஷெங்கனுக்கு எடுத்ததைவிட இதில் முகம் இன்னும் கிட்டத்தில் இருக்கும்.

கேள்வி: இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வீட்டிலேயே படம் எடுத்துக் கொடுக்கலாமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: இலங்கைக்குள் விண்ணப்பித்தால் முடியாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்களே இணையம் வழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு ஒரு ரசீது தருவார்கள். விண்ணப்பத்தோடு போக வேண்டியது அந்த ரசீது, தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: மகள் லண்டனில் படிக்கப் போகிறாள். விசா மையத்துக்கு எத்தனை காப்பி எடுத்துப் போக வேண்டும்? (நாகர்கோவில் வாசகி)

பதில்: கைரேகை எடுக்கும்போதே படமும் எடுத்துக்கொள்வார்கள். காப்பி தேவையில்லை.