வாசகர் கேள்வி–பதில்: லிவர்பூல் துறைமுகக் கரையில் நமக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: எங்கள் மகள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் படிப்பை முடித்து, வரும் ஜூலையில் பட்டம் பெறுகிறாள். விழாவுக்கு நானும் என் கணவரும் செல்கிறோம். அங்கே பழைய துறைமுகக் கரையைப் புதுப்பித்து, நவீன கட்டடங்களும் அருங்காட்சியகங்களும் எழுப்பியிருக்கிறார்களாம். சுற்றிப் பார்க்க எங்களுக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, பீடோங், கெடா

பதில்: மகளுக்கு முதலில் என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள், அம்மா. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அந்தக் கரையில் பார்க்க அதிகம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

என் தந்தையார் கித்தா (ரப்பர்) தோட்டத்தின் ஸ்டோரில் வேலை செய்தவர். புகை போட்ட கித்தாத் தகடுகளை அடுக்கிப் பொதியாக அழுத்தி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வெள்ளை மாவுக் கரைசலைப் பூசி, தகர அச்சை வைத்துத் தோட்டத்தின் அடையாளத்தைக் கறுப்பு மையால் பதிப்பார்கள். மாலையில் அவர் வீடு திரும்பும்போது முழங்கை வரை வெள்ளையாக இருக்கும். "இதெல்லாம் எங்கேப்பா போகுது?" என்று கேட்டால், "சீமைக்கு" என்பார். அந்தச் சீமையின் வாசல்களில் ஒன்றுதான் லிவர்பூல். பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்ற, நீலப் புகைபோக்கி கொண்ட புளூ ஃபன்னல் கப்பல்கள் ஆல்பிரட் ஹோல்ட் என்பவர் அந்த நகரில் தொடங்கிய நிறுவனத்தைச் சேர்ந்தவை. நம் மூத்தவர்கள் நன்கறிந்த தோட்டக் கம்பெனியான ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டும் 1844-இல் அங்கேதான் தேயிலை வணிகமாகத் தொடங்கியது.

காலையில் பியர் ஹெட் என்னும் ஆற்றங்கரைச் சதுக்கத்திலிருந்து தொடங்குங்கள். லிவர் கட்டடம், குனார்ட் கட்டடம், துறைமுகக் கட்டடம் ஆகிய மூன்றும் வரிசையாக நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல், காப்பீட்டுப் பணத்தில் எழுந்தவை அவை. அவற்றுக்குப் பக்கத்தில், வெளிர்நிறக் கல் போர்த்துச் சாய்வாக எழும் லிவர்பூல் அருங்காட்சியகம் 2011-இல் திறக்கப்பட்டது. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. பெரிய சன்னலின் வழியே ஆற்றைப் பார்த்தபடி சற்று உட்கார்ந்திருங்கள். மெர்சி ஆற்றில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 10 மீட்டர் வரை கூட மாறுபடும். கரையோரம் கட்டி நிறுத்திய கப்பல் சில மணி நேரத்தில் சேற்றில் அமர்ந்துவிடும் என்பதால்தான், கதவு போட்டு நீரைத் தேக்கிவைக்கும் கப்பல்துறையை 1715-இல் அங்கே கட்டினார்கள். வணிகத்துக்காக இவ்வகையில் கட்டப்பட்டவற்றில் உலகிலேயே முதலாவது அதுதான் என்பார்கள். அதன் எச்சம் இன்று ஒரு பேரங்காடியின் அடியில் இருக்கிறது.

அங்கிருந்து சமதரையில் மெதுவாக நடந்தால் கால் மணி நேரத்துக்குள் ஆல்பர்ட் டாக் வந்துவிடும். இந்த இடத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஜெஸ்ஸி ஹார்ட்லி என்னும் பொறியாளர், தீப்பிடிக்காத கிடங்கு வேண்டும் என்பதற்காக, மரத்தைத் தவிர்த்து இரும்பு, செங்கல், கல் ஆகியவற்றாலேயே கட்டி, 1846-இல் திறக்கப்பட்ட துறை இது. சிவப்புச் சாயம் பூசிய வார்ப்பிரும்புத் தூண்களைப் பார்த்துவிட்டு, குனிந்து துறையின் சுவரையும் பாருங்கள். ஒரே அளவுக்கு வெட்டாத கருங்கற்களை, இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே உள்ளங்கையளவு கல் ஒன்றை இறுகப் பொருத்தி, அவ்வளவு நெருக்கமாகக் கட்டியிருக்கிறார்கள்.

கொள்கலன் கப்பல்கள் வந்தபின் இத்தகைய சிறு துறைகளுக்கு வேலை இல்லாமல் போனது. 1972-இல் இதை மூடினார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம், போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியதும் அதே ஆண்டில்தான். பிறகு துறை முழுவதும் சேறு நிரம்பிக் கிடந்தது. 1981-இல் அமைந்த வளர்ச்சிக் கழகம் சேற்றை அள்ளி, மீண்டும் நீரை நிரப்பி, கிடங்குகளைச் செப்பனிட்டு, 1988-இல் திறந்தது. கிடங்கும் நீரும் சேர்ந்து இருந்தால்தான் அது துறைமுகமாகத் தெரியும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நம் பக்கத்தில் எத்தனை ஸ்டோர்களும் புகைக்கூடங்களும் தடமே இல்லாமல் இடிக்கப்பட்டன என்பதை எண்ணும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

கடல்சார் அருங்காட்சியகமும் அடிமை முறை பற்றிய பன்னாட்டு அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கின்றன. புதுப்பிப்புப் பணிக்காக அவை 2025 தொடக்கத்தில் மூடப்பட்டதால், திறந்துவிட்டனவா என்று மகளை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். மூடியிருந்தாலும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கரையில் நடங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனின் அடிமை வணிகத்தில் முன்னணியில் நின்றது இந்தத் துறைமுகம். அடிமை முறை ஒழிந்தபின், தென் அமெரிக்காவின் கயானாவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஜான் கிளாட்ஸ்டன் என்னும் லிவர்பூல் வணிகர், 1836 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்த ஒரு நிறுவனத்துக்கு, இந்தியக் கூலிகளை அனுப்ப முடியுமா என்று கேட்டு இந்நகரிலிருந்து கடிதம் எழுதினார். 1838-இல் இரண்டு கப்பல்களில் ஆட்கள் போய் இறங்கினார்கள். ஒப்பந்தக் கூலி முறை பின்னர் மலாயாவுக்கும் வந்து, 1910 வரை நீடித்தது. நம் பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய கதையின் ஒரு நுனி அங்கே இருக்கிறது, அம்மா.

ஜூலையிலும் ஆற்றுக் காற்று குளிரும். இருவரும் கனமான மேல்சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: லிவர்பூல் கரையை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்களே? பாரம்பரியம் போனபின் அங்கே செல்வதில் என்ன பயன்?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: 2004-இல் சேர்த்து 2021-இல் நீக்கினார்கள் என்பது உண்மைதான். கரையின் வடபகுதியில் திட்டமிடப்பட்ட உயரமான கட்டடங்களும், பிராம்லி-மூர் டாக் என்னும் துறையை நிரப்பிக் கட்ட முடிவான கால்பந்து அரங்கமும் முக்கியக் காரணங்கள். வேலை வாய்ப்புக் குன்றிய பகுதி அது என்பதால் அரங்கத்தை வரவேற்றவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆயினும் கல்லால் கட்டிய ஒரு துறையை மணலால் நிரப்பியது இழப்பே. பியர் ஹெட்டுக்கும் ஆல்பர்ட் டாக்குக்கும் நடுவே எழுந்த கறுப்புக் கல் கட்டடங்களும் பழைய காட்சியை மறைக்கின்றன என்றே நான் கருதுகிறேன். பட்டியலிலிருந்து பெயர் போனாலும் ஹார்ட்லியின் சுவர்கள் அங்கேயே நிற்கின்றன. தயங்காமல் சென்று பாருங்கள்.

கேள்வி: லிவர் கட்டடத்தின் உச்சியில் உள்ள இரண்டு பறவைகள் யாருடைய கைவேலை?
– ஒரு மாணவி, தெலுக் இந்தான்

பதில்: கார்ல் பெர்னார்டு பார்ட்டல்ஸ் என்னும் ஜெர்மானியச் சிற்பி வடிவமைத்தவை. ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் உயரமுள்ள இந்தச் செப்புப் பறவைகளில் ஒன்று கடலைப் பார்த்தும் மற்றது நகரைப் பார்த்தும் நிற்கும். பிழைக்க வந்த நாட்டில் ஒரு நகரின் அடையாளத்தையே செய்து கொடுத்த அவரை, முதல் உலகப் போரின்போது எதிரி நாட்டவர் என்று சிறை வைத்து, போர் முடிந்ததும் ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பினார்கள்.