வாடகை மிச்சத்தில் மரத்தரை போடலாமா?

தஞ்சாவூர் புறநகரில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகி ஒருவரின் கடிதம். சுருக்கமாக:

"வாய்க்கால் கரையை ஒட்டிய மனை. கீழ்த்தளம் மட்டும்தான். பூச்சு வேலை முடிந்துவிட்டது, தரை மட்டும் பாக்கி. 22 லட்சம் வீட்டுக்கடனில் (8.5%, 20 வருடம்) 20.6 லட்சம் வந்துவிட்டது, 1.4 லட்சம் வரவேண்டும். வீடு முழுக்க விட்ரிஃபைட் டைல்ஸ் என்றுதான் முதலில் பேசினோம். சென்னையில் நாத்தனார் வீட்டில் மரத்தரை போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு என் கணவருக்கு மனசு மாறிவிட்டது. 'ஒரு தடவைதான் வீடு கட்டுறீங்க, டைல்ஸ் போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்' என்கிறார் நாத்தனார். ஹாலில் எஞ்சினியர்டு மரம் (பலகை மேல் நிஜ மரத் தகடு ஒட்டியது), எங்கள் பெட்ரூமில் லேமினேட், பிள்ளைகள் அறையில் கார்ப்பெட், மற்ற இடங்களில் டைல்ஸ் என்று இப்போது பேச்சு. ஏற்கெனவே 3.2 லட்சம் நகைக்கடன் இருக்கிறது. போர்ட்டிகோவைப் பெரிதாக்கினோம், நிலைக்கதவைத் தேக்கில் மாற்றினோம், ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங். எல்லாம் அதில்தான். இதுவரை வட்டி மட்டும் 45,000 கட்டியிருக்கிறோம். மீதி நகையை வைத்தால் 3 லட்சம் கிடைக்கும். தரையை முடித்து, கிரகப்பிரவேசத்தையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். குடிபோனதும் வாடகை 9,000 மிச்சம், அதில் நகையை மீட்டுவிடலாம். கணவருக்கு 46,000, எனக்கு 18,000 சம்பளம். மாமியாருக்கு 71 வயது, முழங்கால் வலி. எந்தத் தரை நல்லது?"

தரையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். கடிதத்தில் என்னை உறுத்துவது தரை இல்லை, "அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்கிற வார்த்தை. போர்ட்டிகோவும் நிலைக்கதவும் சீலிங்கும் அப்படித்தான் வந்திருக்கும். வேலை நடக்கும்போது யாரோ ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், நகைப்பெட்டி திறக்கிறது. வருடம் முடிந்ததும் வட்டியைக் கட்டி அதே நகையைத் திருப்பி வைக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. அந்த 45,000 எவ்வளவு பணம் தெரியுமா? நீங்கள் அனுப்பிய கணக்கின்படி, வீடு முழுக்க டைல்ஸ் பதிக்கும் கூலி, மணல், சிமென்ட் எல்லாம் சேர்ந்து அதே 45,000.

நீங்கள் எழுதிய விலைகளையே வைத்துப் போட்டுப் பார்த்தேன். தரை சுமார் 900 சதுர அடி. ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டி), சேதாரம் சேர்த்து 1,000 என்று வைத்துக்கொள்வோம். டைல்ஸ் அடி 55 என்றால் 55,000. கூலியும் மணல் சிமென்ட்டும் 45,000. வண்டி வாடகை, இடுக்குப் பூச்சுக்கு ஒரு 8,000. ஆக 1.1 லட்சத்துக்குள் முடிந்துவிடும். வங்கியிலிருந்து வரவேண்டிய 1.4 லட்சமே போதும், கையில் 30,000 நிற்கும்.

நாத்தனார் திட்டம்: ஹால் 320 அடிக்கு மரம், பொருத்தும் செலவோடு அடி 500 வீதம் 1.6 லட்சம். பெட்ரூம் 140 அடி லேமினேட், அடியில் விரிக்கும் ஃபோம், ஓரப்பட்டி, கூலி எல்லாம் சேர்த்து 190 என்றால் 27,000. கார்ப்பெட் 12,000. இந்த மூன்றுக்கும் அடியில் சமமான சிமென்ட் தளம் வேண்டும், அது உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை. அதற்கு 20,000 வையுங்கள். மீதி இடத்துக்கு டைல்ஸ் 38,000. கூட்டினால் 2.57 லட்சம். வங்கியின் 1.4 லட்சம் போகப் பற்றாக்குறை 1.2 லட்சம்கூட இல்லை. ஆனால் வைக்கப்போவது 3 லட்சத்துக்கான நகை! இதைத்தான் சொல்கிறேன்.

இனி அந்த வாடகை 9,000. இப்போது வங்கிக்கு நீங்கள் கட்டுவது முழுத் தவணை இல்லை, வாங்கிய தொகைக்கான வட்டி மட்டும். மாதம் 14,600 போலப் போகும். கடன் முழுதாக வந்து முறையான தவணை ஆரம்பித்தால் அது 19,100 ஆகும். கூடுதலாகப் போகும் 4,500 எங்கிருந்து வரும்? வாடகை மிச்சத்திலிருந்துதான். 9,000-த்தில் பாதி இப்போதே போய்விட்டது. இன்னும் குடிபோகவே இல்லை.

மிஞ்சுவது 4,500. நகைக்கடன் வட்டியை 9.5% என்று வைத்தால் 3.2 லட்சத்துக்கு மாதம் 2,500 ஆகிறது, அதை எப்படியோ சமாளித்து வருகிறீர்கள். இரண்டையும் சேர்த்து மாதம் 7,000 விடாமல் கட்டினால் இருக்கிற நகை திரும்பி வர ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். புதிதாக 3 லட்சம் சேர்ந்து 6.2 லட்சம் ஆனால் வட்டி மட்டுமே மாதம் 4,900. அதே 7,000 கட்டினால் பன்னிரண்டு வருடம் தாண்டியும் முடியாது. பிள்ளைகள் படிப்பு அதற்குள் வந்துவிடும், அப்போது வைக்க நகை இருக்காது.

கடையில் 'வட்டியில்லாத் தவணை' தருகிறார்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைக்காரரிடமே, மொத்தமாக ஒரே தடவையில் காசோலை கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் குறைக்கத் தயாராக இருக்கும் தொகைதான் அந்தத் தவணையின் வட்டி. அதற்கு மேல் பிராசஸிங் கட்டணமும், கார்டில் வட்டியாகக் காட்டப்படும் தொகைக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. இலவசமாகக் கடன் கொடுக்க எந்தக் கடையும் வங்கியும் திறந்து வைக்கப்படவில்லை.

சரி, தரைக்கு வருகிறேன்.

நாத்தனார் வீடு எத்தனையாவது மாடி என்று நீங்கள் எழுதவில்லை. அடுக்குமாடியில் மேல் தளம் என்றால் மண்ணின் ஈரம் அங்கே எட்டாது. உங்களுடையது காவிரிப் படுகை மண், வாய்க்கால் கரை, கீழ்த்தளம். லேமினேட் என்பது முழு மரம் இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாளும், அதன்மேல் தேயாத பூச்சும். அடியிலிருந்து ஈரம் ஏறினால் இணைப்புகள் உப்பிக்கொள்ளும். உப்பியதைத் தேய்த்துச் சமன் செய்ய முடியாது, பலகையைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும். உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், தண்ணீரால் வரும் சேதம் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். எஞ்சினியர்டு மரத்தின் மேல்தகடு தடிமனாக இருந்தால் தேய்த்துப் புதுப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் ஈரமும் கரையானும் எதிரி. வாளியில் தண்ணீர் வைத்துத் தினம் துடைக்கிற, பொங்கலுக்கு வீடு கழுவுகிற வழக்கத்தையும் விட வேண்டியிருக்கும். கார்ப்பெட்டைப் பற்றி என்ன சொல்ல? ஐப்பசி மழையில் அது வீச்சம் எடுக்கும். தூசி தங்கும், பிள்ளைகளுக்குச் சளி இருந்தால் இன்னும் மோசம். ஆசை என்றால் ஒரு நல்ல ஜமுக்காளம் வாங்குங்கள், வெயிலில் உதறிக் காயவைக்கலாம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், ஒரு சோதனை செய்யுங்கள். ஹால் தளத்தில் இரண்டுக்கு இரண்டு அடி பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் காலை பிரித்துப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தாலோ, அந்த இடத்து சிமென்ட் மட்டும் கறுத்திருந்தாலோ மரப்பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். கணவரைக் கூடவே வைத்துக்கொண்டு தாளைப் பிரித்துப் பாருங்கள். நாத்தனாருக்கு அவர் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

ஆகவே வீடு முழுக்க டைல்ஸ். மரத்தின் தோற்றம் வேண்டுமென்றால் மரவரி அச்சிட்ட நீள டைல்ஸ் இருக்கிறது, குஜராத் மோர்பியிலிருந்து வண்டி வண்டியாக வருகிறது. பெட்ரூமுக்கு மட்டும் போடுங்கள், அடிக்குப் பத்து இருபது ரூபாய் கூடினாலும் கையில் நிற்கும் 30,000 தாங்கும். ஆத்தங்குடி கல் எனக்குப் பிடித்தமானது, பூஜையறை அளவுக்குப் போட்டால் கையைக் கடிக்காது. ஹாலுக்குக் கண்ணாடி போல மின்னும் டைல்ஸை எடுக்காதீர்கள். மாமியார் ஈரக் காலோடு நடப்பார். மேட் ஃபினிஷ் போதும், குளியலறைக்கும் பின்வாசலுக்கும் வழுக்காத சொரசொர வகைதான். அங்கே அடிக்கு ஐந்து ரூபாய் கூடினால் பேரம் பேசாமல் கொடுங்கள், இடுப்பெலும்பு முறிவுக்கு ஆகும் செலவை நான் இங்கே கணக்குப் போட விரும்பவில்லை.

கிரகப்பிரவேசத்தைக் கையில் இருப்பதற்குள் செய்யுங்கள். ஹோமமும் நெருங்கிய உறவுக்கு வீட்டுச் சாப்பாடும் போதும். நாத்தனாருக்கு மரத்தரை மேல் அவ்வளவு ஆசை என்றால், பெட்ரூம் தரையைத் தன் அன்பளிப்பாகப் போட்டுத் தரட்டும், மறுக்க வேண்டாம். ஆனால் "இப்ப நான் தரேன், மெதுவா குடுங்க" என்றால் வேண்டாம். அதுவும் கடன்தான்.

இருக்கிற நகைக்கடனுக்கு அடுத்த கெடு வரும்போது ஒன்று செய்யுங்கள். 3.2 லட்சத்தையும் ஒரே கடனாகத் திருப்பி வைக்காமல், நகைகளைப் பிரித்து மூன்று நான்கு சிறு கடன்களாக வைக்கச் சொல்லுங்கள். முதலில் சின்னதை மீட்கலாம். வளையல் ஒரு ஜோடி கைக்கு வந்துவிட்டால் அடுத்ததற்குக் கட்ட மனசு வரும், அந்த வட்டியும் நின்றுவிடும். இடையில் தீபாவளி போனஸ் வந்தால் அசலுக்கே போகட்டும், பெரும்பாலான வங்கிகள் பகுதியாகக் கட்டுவதை ஏற்கின்றன.

டைல்ஸ் வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் கேளுங்கள், பில் இல்லாத சரக்கில் உடைசலைத் திருப்பித் தர முடியாது. எல்லாப் பெட்டிகளிலும் ஒரே பேட்ச் எண்ணா என்று இறக்கும்போதே பாருங்கள், எண் மாறினால் நிறம் மாறும். இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரண்மேல் போட்டுவையுங்கள். நாலு வருடம் கழித்து பிளம்பர் ஒரு டைலை உடைப்பார், அந்த டிசைன் அப்போது கடையில் இருக்காது.