கேஸ்ட்ரிக் பேண்டை எடுத்துவிடலாமா? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எடை குறைய வயிற்றின் மேல் பகுதியைச் சுற்றி வளையம் மாதிரி போட்டிருந்த கேஸ்ட்ரிக் பேண்டை நீங்கள் 2018-ல் எடுத்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் போன வாரம்தான் படித்தேன். எனக்கும் 2011-ல் சென்னையில் அதே பேண்டை வைக்கிற ஆபரேஷன் நடந்தது. அப்போது 109 கிலோ இருந்தேன். இரண்டு வருடத்தில் 80-க்கு வந்தேன், சர்க்கரை மாத்திரையும் பாதியாகக் குறைந்தது. இப்போது 96. அதைவிடப் பெரிய தொந்தரவு, மூன்று வருடமாகச் சாப்பிட்டால் நெஞ்சில் அடைக்கிறது. இரண்டாவது இட்லியே எதிர்த்துக்கொண்டு வருகிறது. ராத்திரி படுத்தால் இருமல், சில நாள் காலையில் தலையணை நனைந்திருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டர் வெளிநாடு போய்விட்டார். இங்கே ஒருவர் எடுத்துவிடுங்கள் என்கிறார், இன்னொருவர் எடுத்தால் பழைய எடை வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். வீட்டுக்காரர், மூன்றரை லட்சம் கொடுத்து வைத்ததை இன்னும் பணம் கொடுத்து எடுக்கவா என்கிறார். எனக்கு 47 வயது. என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம்.

– ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள தங்கைக்கு,

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த ராத்திரி இருமல். நீங்கள் அதை நடுவில் ஒரு வரியாகப் போட்டிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பேண்டுக்கு மேலே இருக்கிற சின்னப் பையில் ராத்திரிச் சாப்பாடு இறங்காமல் தேங்கி நிற்கிறது, படுத்ததும் அது மேலே ஏறி மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது. தலையணை நனைவது அதனால்தான் இருக்கும். எனக்கு இதே இருமலுக்கு ஒரு வருடம் ஆஸ்துமா மருந்து கொடுத்தார்கள், நானும் இழுத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் நிமோனியாவில் படுத்த பிறகுதான் ஒரு டாக்டர் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள் என்றாலும், பல் சம்பந்தமாக இருந்தாலும்கூட, பேண்ட் இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ஒன்பது வருடம் அதை வயிற்றில் வைத்திருந்தவள், அவ்வளவுதான். ஆனால் எடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு இன்றைக்கே பதில் வேண்டியதில்லை என்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும், ஏனென்றால் அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது, அதை உங்களுக்கு இரண்டு டாக்டரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பேண்டை இறுக்குவதற்காக அதற்குள் ஏற்றியிருக்கிற தண்ணீரை முழுக்க எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எனக்கு அது நடந்த மத்தியானம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டேபிளில் படுக்கவைத்து, தலையை லேசாகத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே இடப் பக்கம் டாக்டர் விரலால் அழுத்தி அழுத்தி, பேண்டோடு குழாயால் சேர்த்திருக்கிற அந்தப் போர்ட்டைத் தேடினார். ஐந்து ரூபாய்க் காசு மாதிரி தோலுக்கடியில் நெருடும், உங்களுக்கும் தெரியும். ஊசி குத்தி இழுத்தார், சிரிஞ்சில் ஐந்தரை மில்லி வந்தது, வெறும் உப்புத் தண்ணீர். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள், மடமடவென்று இறங்கிவிட்டது, நான் அப்படியே அழுதுவிட்டேன். எதிர்த்து வராமல் இருக்க மூன்று தலையணை வைத்துப் படுத்தவள், அந்த வாரமே ஒன்றுக்கு வந்துவிட்டேன்.

தண்ணீரை எடுத்துவிட்டால் பேண்ட் இருந்த இடத்தில் இருக்கும், பிடி மட்டும் தளர்ந்துவிடும். சில வாரம் அப்படியே விட்டுப் பாருங்கள். கூடவே பேரியம் குடித்து எக்ஸ்ரே, அப்புறம் எண்டோஸ்கோபி. சுண்ணாம்புக் கரைசல் மாதிரி இருக்கிற பேரியத்தைக் குடித்தால் அது இறங்குவது திரையில் தெரியும், பேண்ட் நழுவியிருக்கிறதா, மேல் பை பெருத்துவிட்டதா, உணவுக்குழாய் விரிந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். பேண்ட் வயிற்றுச் சுவரை அரித்து உள்ளே போயிருக்கிறதா என்பது எண்டோஸ்கோபியில்தான் தெரியும். அரித்திருந்தால் எடுத்தே ஆக வேண்டும். தளர்த்திய பிறகும் நழுவின இடத்திலேயே நின்றாலும் அப்படித்தான். எதுவும் இல்லை, தளர்த்தியதும் தொந்தரவு போய்விட்டது என்றால் யோசிக்க நேரம் கிடைக்கும். தொந்தரவே இல்லாமல் பேண்டோடு நன்றாக இருக்கிறவர்களும் இருக்கிறார்கள், பழசாகிவிட்டது என்பதற்காக மட்டும் அவர்கள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் கதை அது இல்லை.

இரண்டாவது டாக்டர் சொன்னதற்கு வருகிறேன். எடுத்தால் எடை வந்துவிடும் என்கிறார். 80-லிருந்து 96-க்கு வந்தபோது பேண்ட் எங்கே இருந்தது? உள்ளே, இறுக்கமாகத்தானே இருந்தது. எனக்கும் அப்படித்தான் ஆனது, எப்படி என்று புரிய எனக்கு வருடங்கள் ஆயின. சோறு அடைக்கும், சப்பாத்தி அடைக்கும், கறி அடைக்கவே அடைக்கும். ஜிகர்தண்டா அடைக்குமா? வழுக்கிக்கொண்டு இறங்கும். சாயங்காலம் தெருவில் பருத்திப்பால் வண்டி வந்தால் ஒரு டம்ளர், கருப்பட்டி இனிப்போடு, சுகமாக உள்ளே போகும். காலையிலிருந்து ஒன்றும் இறங்காமல் பசியில் இருப்பவளுக்கு அது அமிர்தம். நல்ல சாப்பாட்டை நிறுத்திவிட்டு இனிப்புத் தண்ணீரை உள்ளே விடுகிற பேண்ட் எடையை எப்படிக் காக்கும்? உங்கள் டம்ளரில் என்ன இருக்கிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.

அதற்காக எடுத்தால் எடை ஏறாது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஏறும். எனக்கு ஒரே வருடத்தில் 13 கிலோ ஏறியது. பசி திரும்பி வருகிற வேகம் பயமாக இருக்கும். அதனால் எடுப்பதற்கு முன்பே அடுத்தது என்ன என்று டாக்டரிடம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும், உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. எனக்கு இல்லை, அதனால்தான் நான் இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று இருந்துவிட்டேன், அதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். 2001-ல் அமெரிக்காவில் இந்தப் பேண்டுக்கு அனுமதி கிடைத்த பிறகு சில வருடம் எங்கு பார்த்தாலும் இதுதான் பேச்சாக இருந்தது, இன்றைக்குப் பெரும்பாலும் வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய் மாதிரி ஆக்குகிற ஸ்லீவ், அல்லது வயிற்றில் சின்னப் பை அமைத்துக் குடலோடு இணைக்கிற பைபாஸ்தான் செய்கிறார்கள். உங்களுக்கு எதிர்த்துக்கொண்டு வருகிற தொந்தரவு இருப்பதால் ஸ்லீவ் என்று யாராவது சொன்னால், அதில் நெஞ்செரிச்சல் கூடுமே, பைபாஸ் தேவலையா என்று நேராகக் கேளுங்கள். எடுக்கிற அன்றைக்கே செய்வார்களா, சில மாதம் விட்டா என்பதையும் கேளுங்கள். பேண்ட் இருந்த இடத்தில் வயிறு தடித்துத் தழும்பேறியிருக்கும், அதன் மேல் தையல் போட்டால் கசியக்கூடும் என்பதால் பலர் ஆறவிட்டுத்தான் செய்கிறார்கள், அரித்திருந்தால் கட்டாயம் ஆறவிட வேண்டும். 2025-லிருந்து எடை குறைக்கிற மவுன்ஜாரோ, வெகோவி ஊசிகளும் நம்மூரில் கிடைக்கின்றன, சர்க்கரை டாக்டரிடம் அதையும் பேசுங்கள். ஆனால் அந்த ஊசிக்கே வாந்தி வரும், பேண்ட் அடைத்துக்கொண்டிருக்கும்போது யார் பேச்சையும் கேட்டு அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த மூன்றரை லட்சம் வீண்போகவில்லை, அது சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தது. அவரைப் பேரியம் எடுக்கும்போது கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு வாய் திரவம் உங்கள் நெஞ்சுக்குள் எப்படி இறங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன், எனக்கு இருந்தது. உசிலம்பட்டியில் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து, கிடா வெட்டிச் சாப்பாடு. இரண்டாவது துண்டு கறி அடைத்துக்கொண்டது. பாதி இலையில் எழுந்து பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் பக்கம் போய்க் குனிந்து நின்றேன், வாயிலிருந்து நுரை நுரையாக எச்சில், நிற்கவே இல்லை, பட்டுச்சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். பின்னால் வந்த அத்தை, "காசு கொடுத்து வயித்தக் கட்டிக்கிட்டா இப்படித்தான்" என்றார். எடுத்துவிட்டால் தோற்றுப்போனதாகப் பேசுவார்களே என்றுதான் நான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு வருடத்தில்தான் நிமோனியா வந்தது. தங்கச்சி, அத்தைமார் பேச்சுக்காக உங்கள் நுரையீரலைக் கொடுக்காதீர்கள்.

இதற்கிடையில் தண்ணீர்கூட இறங்காமல் வாந்தியும் வயிற்றில் பலமான வலியும் வந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள், பேண்ட் நழுவி வயிற்றின் ரத்த ஓட்டத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். வாந்தி வாரக்கணக்கில் தொடர்ந்தால் பி1 வைட்டமின் குறைந்து கால் மரத்துப்போகலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

2011 டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள், எந்தப் பேண்ட், எத்தனை மில்லி கொள்ளும் என்பது அதில் இருக்கும். எடை குறைப்பு ஆபரேஷன் செய்து பழகிய சர்ஜனிடமே போங்கள், போர்ட்டில் போடுகிற ஊசியே வேறு, சாதாரண ஊசி போட்டால் போர்ட் ஓட்டையாகிவிடும். என் எண்ணைத் தனியாக மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் எடுக்கப் போகிற அன்றைக்குப் பெரியார் நிலையத்தில் இறங்கியதும் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா