வளர்ற பையனுக்கு எவ்வளவு சோறு போடலாம்?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. காலையில் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு டம்ளர் பாலோடு ஓடிவிடுகிறான். இரவு டியூஷன் முடிந்து வந்ததும் ஏழெட்டு தோசை சாப்பிடுகிறான். ஒரு வருடமாகக் கழுத்தின் பின்பக்கம் கறுத்துக்கொண்டே வருகிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 104 இருக்கிறது. ‘சாப்பாட்டைப் பாதியாகக் குறை’ என்கிறார் கணவர். ‘வளர்ற பிள்ளை, வயிறார சாப்பிடட்டும்’ என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது?
– வாசகி, கரூர்

பதில்: முதலில் அந்தக் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள். அது அழுக்கு இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் அளவுக்கு மேல் இருந்தால் கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோல் தடித்துக் கறுத்துப்போகும். அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்போம். பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் புண்ணான கழுத்தை, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு மறைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். குளிக்கச் சோம்பேறி என்று வீட்டில் திட்டு வேறு வாங்கியிருப்பார்கள். இன்சுலின் குறையும்போது கருமையும் தானாக மங்கும், சில மாதங்கள் ஆகும்.

சர்க்கரை 104 என்பது நோய் இல்லை. ஆனால் 100-க்குக் கீழே இருக்க வேண்டிய எண் அது. 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று சொல்லிவிடுவோம். பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதால், இன்சுலின் சொல்வதை உடம்பு கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கும். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, பருவம் முடியும்போது சரியாகிவிடும். வயிற்றைச் சுற்றிச் சதையும் போட்டு, ஒரே வேளையில் நிறைய மாவுச்சத்தும் உள்ளே போனால், கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். அந்தக் கூடுதல் சுரப்புதான் உங்கள் மகனின் கழுத்தில் தெரிகிறது. ஒரு டேப் எடுத்து அவன் இடுப்பை அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்குள், அதாவது 84 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இனி அளவு விஷயத்துக்கு வருவோம். பாதியாகக் குறைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, ஓடியாடும் 13–15 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,860 கலோரி தேவை. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு 2,110 போதும். அப்பாவைவிட மகனுக்குப் பசிப்பது நியாயம்தான். பட்டினி போட்டால் வீட்டுக்கு வெளியே போய்ச் சாப்பிடுவான். சில பிள்ளைகள் ஒளித்துவைத்துச் சாப்பிடும் பழக்கத்திலும் விழுந்துவிடுகிறார்கள்.

குறைய வேண்டியது சோறு, கூட வேண்டியது மற்றவை. நாம் பரிமாறும் முறையையே பாருங்கள். சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. 200 மி.லி. டம்ளரில் அழுத்தாமல் நிரப்பினால் ஏறக்குறைய 150 கிராம் சோறு, 200 கலோரி. தடவைக்கு ஒன்றரை டம்ளர் போட்டால் சோற்றிலேயே 900 கலோரி போய்விடுகிறது. பொரியல் மட்டும் ‘தொட்டுக்க’ ஒரே ஒரு கரண்டி! ஒருநாள் உங்கள் வீட்டுச் சாதக் கரண்டியால் அந்த டம்ளரை நிரப்பிப் பாருங்கள், எத்தனை கரண்டி பிடிக்கிறது என்று. அதற்குப் பிறகு கண் தானாக அளக்கும்.

விடுமுறை நாளில் இப்படிச் செய்யுங்கள். தட்டு வைத்ததும் முதலில் பொரியல் அல்லது கூட்டு, தட்டில் பாதிக்கு. கூடவே முட்டை, மீன், கோழி அல்லது கெட்டியான பருப்பு. அதைக் கொஞ்சம் சாப்பிட்ட பிறகு சாம்பாருக்கு ஒன்றரை டம்ளர் சோறு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடிக்கட்டும். பள்ளி டப்பாவில் எலுமிச்சை சாதத்தோடு உருளைக்கிழங்கு வறுவல் வைப்பதற்குப் பதில், ஒரு அடுக்கில் சாதமும் இன்னொரு அடுக்கு நிறைய சுண்டலோ பொரியலோ முட்டையோ வையுங்கள்.

இரவு ஏழெட்டு தோசைக்குக் காரணம் இரவில் இல்லை, காலையில் இருக்கிறது. பாலோடு கிளம்பி, மதியம் அவசரமாக விழுங்கி, டியூஷன் போகும் வழியில் பப்ஸும் கூல்டிரிங்கும். 250 மி.லி. கோலாவில் மட்டும் ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை. பசியோடு வீடு வரும் பிள்ளையிடம் போய் ‘மூணு தோசை போதும்’ என்றால் எப்படிக் கேட்பான்? காலையில் இரண்டு அவித்த முட்டையும் இரண்டு இட்லியும் பேருந்திலாவது சாப்பிடட்டும். மாலை நாலரைக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ வேர்க்கடலையோ. இதை இரண்டு வாரம் விடாமல் செய்தால் தோசை எண்ணிக்கை பெரும்பாலும் தானே இறங்கும். தோசையைக் கல்லிலிருந்து நேராகத் தட்டில் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். மூன்றைச் சுட்டு, காய் நிறையப் போட்ட சாம்பாரோடு வைத்துவிட்டு நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போக இருபது நிமிடம் வரை ஆகும். அப்புறமும் பசித்தால் இன்னொன்று தாராளமாகத் தரலாம்.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். மூன்று வயதுக் குழந்தை, தட்டில் எவ்வளவு வைத்தாலும் வயிறு கேட்கும் அளவுதான் சாப்பிடும். ஐந்து வயதிலோ, அதிகம் வைத்தால் அதிகம் சாப்பிட ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் குழந்தைகளை வைத்துச் சோதித்துக் கண்டது இது. ‘இன்னும் ஒரு கரண்டி’ என்ற பாசம், பசியை அறியும் அந்தத் திறனை அழித்துவிடக் கூடாது.

எடை குறைந்தே தீர வேண்டும் என்று அவனை நெருக்காதீர்கள். இன்னும் உயரம் கூடும் வயது. எடை ஏறாமல் நின்றாலே பெரிய வெற்றி. உறவினர்கள் முன்னால் எடையைப் பற்றிப் பேசவே வேண்டாம். நாளுக்கு ஒரு மணி நேரம் விளையாட்டோ சைக்கிளோ வேண்டும், எட்டு மணி நேரத் தூக்கமும் வேண்டும். பத்தாம் வகுப்பானாலும் சரி.

அடுத்த வாரமே மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்தம் பார்த்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு இருக்கும் சர்க்கரை மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். இடையில் தாகம் அதிகமாகி, அடிக்கடி சிறுநீர் போய், எடை மளமளவென்று இறங்கினால் வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றே போக வேண்டும். அடுத்த வாரம் மருத்துவரிடம் போகும்போது, நாலு நாள் என்னென்ன சாப்பிட்டான் என்று அவன் கையாலேயே எழுதச் சொல்லி அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். மருத்துவரிடம் அவனே பேசட்டும்.